கிணற்றின் மேல் ஒரு பாவு

எந்த வேலையையும் முழுதாகச் செய்து முடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை, மேடம். சட்டைக்கு இஸ்திரி போட்டால் முன்பக்கத்தோடு நிறுத்திவிடுவேன். பல் தேய்க்கும்போது பாதியில் பேப்பர் படிக்கப் போய்விடுவேன். என் மனைவி தையல்நாயகி இதைக் கல்யாணமான முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள். இந்த வாக்குமூலத்தையாவது முழுதாகச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். ரைட்டர் ஐயா மெதுவாகவே எழுதட்டும், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

பெயர் ஏகாம்பரம். பிள்ளையார்பாளையத்தில் எல்லாருக்கும் ஏகாம்பரம்தான், சென்னைக்குப் போனால் மட்டும் ஏகா. பெயரைக்கூடப் பாதியில் விட்டவன் என்று என் மச்சான் நமச்சிவாயம் சொல்லிச் சிரிப்பார். தையல்நாயகியின் அண்ணன். கிணற்றிலிருந்து நீங்கள் எடுத்த உடல் அவருடையது. எங்கள் தெருவில் பட்டு நெய்பவர்களில் பெரிய சத்தக்காரர் அவர். அவர் வந்து உட்கார்ந்தால் டீக்கடையில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள்.

தொழில் என்ன என்று கேட்டீர்கள். நவீனக் கலைஞன் என்று எழுதிக்கொள்ளலாம். வீட்டிலும் தெருவிலும் கிடக்கிற சாமான்களை எடுத்து வெளியே வைப்பேன். பிறகு தள்ளி நின்றுகொள்வேன். மீதியை வெயிலோ மழையோ காற்றோ பார்த்துக்கொள்ளும். நான் கை வைக்க மாட்டேன். கை வைக்காமல் இருப்பதுதான் என் கொள்கை. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு கௌரவமான பெயர் உண்டு என்று ஓவியக் கல்லூரியில் சேரும்வரை எனக்கும் தெரியாது.

ஒருமுறை இரும்புத் தோசைக்கல்லை ஈர வேட்டியில் சுற்றி மொட்டை மாடியில் மழைக்காலம் முழுவதும் விட்டுவைத்தேன். வேட்டியில் துரு அழகான வட்டமாக இறங்கியிருந்தது. அதற்கு ‘உதயம்’ என்று பெயர் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் தையல்நாயகி அதை நாலாகக் கிழித்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருமுறை எவர்சில்வர் தட்டுகளைக் கயிற்றில் கட்டிக் காற்றில் தொங்கவிட்டேன். எதிர்வீட்டு அங்கம்மாள் மாடியேறி வந்து பார்த்தார்.

“நீ தட்டு கட்டுனதுலேர்ந்து கொரங்குத் தொல்ல இல்லப்பா. நம்ம வூட்டாண்டயும் நாலு கட்டி வுடேன்.”

காஞ்சிபுரத்தில் என் கலைக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அது. நானும் போய் நாலு தட்டு கட்டிக் கொடுத்தேன்.

இனி பாவு பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் இந்த ஊருக்குப் புதிது. சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற இழைகளைத்தான் பாவு என்போம். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் காலையில் அதைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்து, கஞ்சி தடவிக் காயவிடுவார்கள். இடுப்பு உயரத்தில், ஒரு பாய் அகலத்தில், நாலாயிரத்துச் சொச்சம் பட்டிழை. அதற்கு மழை ஆகாது. நனைந்தால் கஞ்சி கரையும், இழை ஒன்றோடொன்று ஒட்டும், பிரித்தால் அறும், மாதக்கணக்கான பிழைப்பு போய்விடும்.

அதனால் எங்கள் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தூறல் விழுந்தால் போதும், யார் பாவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். சோற்றில் கை வைத்தவன் எச்சில் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடிவருவான். வாய்க்கால் தகராறில் கோர்ட்டுக்குப் போனவர்கள் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, மறுபடி பேசாமல் போவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. கண்ணில் தூசு விழுந்தால் இமை மூடுகிற மாதிரி ஒரு காரியம்.

சுருட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒருவர் ஒரு முனையை அவிழ்த்து வயிற்றோடு அணைத்துச் சுருட்டிக்கொண்டே முன்னால் நடக்க வேண்டும். இழுவை தளரக் கூடாது. கண் இழையை விட்டு நகரக் கூடாது. எதிரே பாவு விரிந்திருப்பதால் அதற்குக் கீழே இருக்கிற தரை தெரியாது. தெரியவும் வேண்டாம், தெரு சமமாகத்தானே இருக்கிறது.

போன வருடம் சென்னையில் ஒரு காட்சிக்கூடத்தில் என் படைப்பு ஒன்றை வைத்தார்கள். ஒரு பாவை வேண்டுமென்றே மழையில் விட்டு, சாயம் ஓடி, இழைகள் அறுந்து தொங்க, அப்படியே கொண்டுபோய் இரண்டு தூண்களுக்கு நடுவில் கட்டியிருந்தேன். ‘மழைக்குப் பிறகு’ என்று தலைப்பு. என் வாழ்நாளிலேயே முதன்முறையாகப் பெரிய பெரிய ஆட்கள் என் முன்னால் நின்று தலையை ஆட்டினார்கள். நானும் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, அதிகம் பேசாதவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அந்த நிற்பைக் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்தேன், அதை மறைப்பானேன்.

மச்சானும் வந்திருந்தார். தங்கை புருஷன் பேரெடுக்கிறான் என்று சந்தோஷம் அவருக்கு. எல்லாருக்கும் கொடுக்க மந்தார இலையில் கட்டிய கோயில் இட்லிப் பொட்டலங்களைப் பையோடு தூக்கி வந்திருந்தார். அந்தப் பையை இன்னொரு கலைஞரின் பீடத்தில் வைத்துவிட்டார், அதையும் நாலு பேர் படம் பிடித்துக்கொண்டார்கள். பிறகு என் படைப்பைப் பார்த்தார்.

“இன்னா மாப்ளே இது, இப்டி அறுந்துக்கினு இருக்குது” என்றார். தலைப்பைப் படித்துக் காட்டினேன். “செரி செரி” என்று தலையை ஆட்டினார்.

நான் யாரோடோ பேசப் போனேன். திரும்பி வந்தால் என் படைப்பைச் சுற்றிக் கூட்டம். மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டு, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடி போட்டுக்கொண்டிருந்தார். வேண்டுமென்று செய்யவில்லை, மேடம். அறுந்த இழையைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. போடுகிறபோதே நடிகர்களைப் பற்றிய பழைய ஜோக்குகளையும் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் சிரித்தது, கடைசியில் கைதட்டியது. நானும் தட்டினேன். நான் மட்டும் தட்டாமல் நின்றால் நன்றாக இருக்காது என்று தட்டினேன்.

அந்தக் கூட்டத்தில் நதியா என்று ஒரு அம்மா இருந்தார். வெளிநாட்டுக் கலைவிழா ஒன்றுக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர். ஒரு மாதம் கழித்துப் போன் செய்தார். நான் எழுந்து நின்று பேசினேன். அவர் கேட்டது நமச்சிவாயத்தின் நம்பரை. மழை கெடுத்ததை மனிதன் சரிசெய்கிறான், அதுதான் படைப்பு என்றார். நான் செய்தது என்ன என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மூலப்பொருள் என்றார்.

மச்சானுக்குப் பாஸ்போர்ட் வந்தது. எங்கள் தெருமுனையில் பிளெக்ஸ் பேனர் கட்டினார்கள். ‘உலகக் கலைஞர்’ என்று போட்டு, கூலிங்கிளாஸ் மாட்டிய நமச்சிவாயம், பின்னால் விமானம். கீழே வாழ்த்துவோர் வரிசையில் தபால்தலை அளவில் என் முகம் இருந்தது, பக்கத்தில் ஒரு மாவு மில் ஓனர். ஓவியக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தவன் நான். தினமும் பால் வாங்கப் போகும்போது அந்தப் பேனருக்குக் கீழேதான் போக வேண்டும். வேறு கடை பார்த்துக்கொண்டேன், அங்கே பாலில் தண்ணீர் அதிகம்.

அவர் மனதில் கள்ளம் இல்லை. டீக்கடையில் எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டுச் சொன்னார்:

“நீயும் கெளம்பு மாப்ளே. நான் முடி போடணும்னா எவனாச்சும் அறுத்துக் குடுக்கணுமில்ல?”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அப்போது அழுகை வந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்து வயதில் டீக்கடையில் அழுதால் யாரும் பேனர் கட்ட மாட்டார்கள் என்பதால் சிரித்துவைத்தேன். வீட்டில் தையல்நாயகி, “அண்ணன் போய்ட்டு வரட்டும்யா, மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்காத” என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான்.

அதற்குப் பிறகுதான் தென்னேரியில் அந்த நிலத்தைப் பார்த்தேன். என்னோடு படித்தவனுடைய நிலம், பயிர் வைக்காமல் கிடந்தது. நடுவில் பழைய கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது, வாய் தரைமட்டம், படிகள் இடிந்து போயிருந்தன. ஆடு மாடு விழாமல் இருக்கச் சுற்றிலும் முள் போட்டிருந்தார்கள். கிணற்றிலிருந்து குளிர்ந்த மூச்சு மாதிரி ஈரக்காற்று மேலே வந்துகொண்டிருந்தது. எனக்கு உடனே படைப்பு தோன்றிவிட்டது. கிணற்றுக்கு மேலே ஒரு பாவு. மேலே வெயில், கீழே கிணற்றின் ஈரம். நடுவில் இழைகள் தாமாகத் தளர்ந்து தொய்யும். ‘மூச்சு’ என்று பெயர். இன்றும் நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன், மேடம். அப்போது அதில் வேறு எண்ணமே இல்லை.

முள்ளை நான்தான் எடுத்தேன். கேமராவில் அசிங்கமாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் புளியமரம், அந்தப் பக்கம் ஒரு கல்தூண், இரண்டுக்கும் நடுவே பாவை விரித்துக் கட்டினேன். கட்டிவிட்டு, தொய்வு பார்ப்பதற்காக இழைமேல் கண் வைத்துக்கொண்டு புளியமரத்திலிருந்து நடந்து வந்தேன். ஒரு கால் வெறும் காற்றில் இறங்கியது. எப்படியோ பக்கவாட்டில் சாய்ந்து புல்லில் விழுந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன். என் படைப்பிலேயே விழுந்து செத்த முதல் கலைஞன் என்று பேப்பரில் வந்திருக்கும். அதிலும் என் பெயரைத் தப்பாகத்தான் போட்டிருப்பார்கள்.

அன்றைக்கு முள்ளைத் திரும்பப் போட்டிருக்கலாம். போடவில்லை. கை வைப்பதில்லை என்பது என் கொள்கை என்று சொல்லிக்கொண்டேன்.

சில மாற்றங்கள் மட்டும் செய்தேன். முதலில் கட்டியது வெள்ளைப் பாவு. வெள்ளையில் கீழே இருப்பது லேசாகத் தெரிந்தது. அதனால் அரக்கு நிறத்துக்கு மாற்றினேன். முதலில் பருத்தி நூல்தான் யோசித்து வைத்திருந்தேன், பிறகு பட்டாகவே போட்டேன். பருத்தி நனைந்தாலும் மச்சான் ஓடிவருவார், ஆனால் பட்டு என்றால் யோசிக்காமல் ஓடிவருவார். வண்டி நிறுத்தும் இடத்தைப் புளியமரத்துப் பக்கம் வைத்தேன். என் கேமராவைக் கல்தூண் பக்கம் வைத்தேன். ஐப்பசி மாதம், மேகம் கூடிக்கொண்டே இருந்த ஒரு மத்தியானம், “மச்சான், புதுசா ஒண்ணு பண்ணிக்கீறேன், வந்து பாத்துட்டுப் போ” என்று போன் செய்தேன். வானத்தை நான் வரவழைக்கவில்லை.

டிவிஎஸ்ஸில் வந்தார். இறங்கியதுமே தூறல் பிடித்துவிட்டது. ஒரு விஷயம் நீங்கள் கவனிக்க வேண்டும். என் பாவுகள் நனைவதற்காகவே கட்டப்படுபவை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சும்மா மரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்திருக்கலாம். அவரை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து முடிச்சை அவிழ்த்தார்.

“மாப்ளே, மழ மாப்ளே. அந்தாண்ட புடி, நனைஞ்சிக்கினு இருக்குது பாரு.”

வயிற்றோடு அணைத்துச் சுருட்டிக்கொண்டே நடந்து வந்தார். அழகாகச் சுருட்டினார், இழுவை கொஞ்சமும் தளரவில்லை. நான் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தச் சமயத்தில் என் மனதில் ஓடியதை உள்ளபடி சொல்கிறேன்: ஃபிரேமுக்கு நடுவில் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கால் இறங்கியபோது அவர் கையில் பாதிப் பாவு இருந்தது. மறுமுனை என் பக்கத்துத் தூணில் இறுகக் கட்டியிருந்தது. அதைப் பிடித்துத் தொங்கியிருந்தால் பிழைத்திருப்பார். நாலாயிரம் பட்டிழை ஒரு ஆளைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் அவர் கையை விட்டுவிட்டார். விழுகிற அந்த நொடியில் சுருளைப் புல் பக்கமாகத் தள்ளிவிட்டார், தன் கனத்தில் இழை அறுந்துவிடக் கூடாது என்று. நீங்கள் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இரண்டு கையும் விரிவது தெரியும். வேறு ஊர்க்காரராக இருந்தால் பிடித்துக்கொண்டிருப்பார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் என்ன செய்வார் என்று முன்பே யாராவது என்னிடம் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தீயணைப்பு வண்டிக்குப் போன் செய்தேன், விபத்து என்றேன், எல்லாரும் நம்பினார்கள். தையல்நாயகி என் மடியில் தலை வைத்து அழுதாள். பேனரை யாரோ கழற்றி, அதையே கண்ணீர் அஞ்சலிக்கு மாற்றிக் கட்டினார்கள். என் முகம் அதிலும் தபால்தலை அளவுதான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். கருமாதி முடிவதற்குள் அந்த வீடியோவை, அவர் விழுகிற இடம்வரை வெட்டி, ‘மூச்சு’ என்று தலைப்பு வைத்து நதியாவுக்கு அனுப்பினேன். முள் எடுத்ததையும் பாவின் நிறம் மாற்றியதையும்கூடக் கலைஞர் குறிப்பில் விளக்கமாக எழுதியிருந்தேன். குற்றவாளி தன் கையாலேயே குற்றப்பத்திரிகை எழுதிக் கொடுத்த கேஸ் உங்கள் ஸ்டேஷனில் இதுதான் முதலாவதாக இருக்கும். அந்த அம்மா நேராக உங்களுக்குப் போன் செய்துவிட்டார். வேலை எப்படி இருந்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீங்கள் முழு வீடியோவையும் பார்த்துவிட்டீர்கள். விழுந்த பிறகு ஏன் கேமராவை நிறுத்தினேன், அதற்கப்புறம் என்ன செய்தேன் என்றுதானே கேட்கிறீர்கள். இதுவரை நான் சொன்னதை எல்லாம் மழையும் கிணறும் அவர் கால்களுமே செய்தன என்று வாதாடலாம். என் வக்கீலும் அப்படித்தான் சொல்லச் சொன்னார். அது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் முழுதாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டேன்.

கிணற்றில் தண்ணீர் இருந்தது. அடி படவில்லை போலிருக்கிறது, ஹெல்மெட் காப்பாற்றியிருக்கும். நீச்சல் மட்டும் அவருக்குத் தெரியாது. சுவரில் ஏதோ ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். நான் விளிம்புக்கு வந்து நின்றேன். பாவின் சுருள் என் காலடியில் புல்மேல் கிடந்தது. மறுமுனை தூணில் கட்டியபடியே இருந்தது. அவருக்கு மேலே என் தலை தெரிந்திருக்க வேண்டும்.

“அத்த உள்ள வுடு மாப்ளே. புடிச்சிக்கினு ஏறிர்றேன்.”

உள்ளே தள்ளிவிட்டிருந்தால் போதும். ஒரு காலால் உதைத்திருந்தால்கூடப் போதும். மழை அப்போது நன்றாக வலுத்துவிட்டது. நான் குனிந்து சுருளை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். கிணற்றைச் சுற்றி நடந்து, இழுவை தளராமல், தூண்வரை சுருட்டினேன். அவர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார், முதலில் மாப்ளே என்று, பிறகு ஏகாம்பரம் என்று முழுப் பெயரையும் சொல்லி. தூணிலிருந்த முடிச்சை அவிழ்த்தபோது சத்தம் நின்றிருந்தது. சட்டையைக் கழற்றி அதில் பாவைச் சுற்றி என் வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் போன் செய்தேன்.

என் மச்சானை நான்தான் கொன்றேன், மேடம், அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பாவு வீட்டில் பரண்மேல் இருக்கிறது. பிரித்துப் பார்க்கும்போது கொஞ்சம் நிதானமாகப் பிரிக்கச் சொல்லுங்கள், அதில் ஒரு இழைகூட அறுந்திருக்காது.